கடைசி நொடி மோதல்கள்: நெட்வொர்க் டிரைவர்களை நிறுத்துவதில் உள்ள சிக்கல்

சர்வரை ரீபூட் செய்யக் கட்டளை கொடுத்தாகிவிட்டது. சேவைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன, டிஸ்க்குகள் அன்மவுன்ட் ஆகின்றன. திரை அணைந்து மறுபடி எரிய வேண்டியதுதான் பாக்கி என்ற கட்டத்தில் இயந்திரம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் ஏற்கெனவே போய்விட்டது, பிங் செய்தால் பதில் இல்லை. தொலைவிலிருந்தே பவரை நிறுத்திப் போடும் வசதி இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் டேட்டா சென்டருக்கு ஆளை அனுப்ப வேண்டும். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. காரணங்கள் பல உண்டு. அவற்றில் அடிக்கடி அகப்படுவது நெட்வொர்க் கார்டின் டிரைவர். அது தன்னை நிறுத்திக்கொள்ளும் வேளையில் கர்னலின் இன்னொரு பகுதி அதே கார்டைத் தொட்டுவிடுகிறது.

இரண்டு வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இத்தகைய பிழையை ரேஸ் கண்டிஷன் என்கிறோம். 'லாக் போட மறந்துவிட்டார்கள்' என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். கடந்த பத்தாண்டுகளில் லினக்ஸ் கர்னலுக்குள் வந்த திருத்தங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்த விளக்கம் போதாதென்று தெரியும். இங்கே நாம் பார்க்கப்போகும் டிரைவர்களில் லாக் இருந்தது. சிலவற்றில் லாக்கே நோயானது. ஒருவர் முடித்த வேலையை இன்னொருவர் மறுபடி செய்வதாலும், நிறுத்திய கார்டை மீண்டும் எழுப்பிவிட யாரோ மிஞ்சியிருப்பதாலும்தான் நிறுத்தும் பாதையில் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன என்பது என் முடிவு.

முதலில், ஓடிக்கொண்டிருக்கும் கார்டைத் தொடும் கைகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். பேக்கெட் வந்ததும் கார்டு இன்டரப்ட் கொடுக்கிறது. அதைக் கையாளும் ஃபங்ஷன், மேற்கொண்டு இன்டரப்ட் வராமல் தடுத்துவிட்டு, நாப்பி என்ற அமைப்பிடம் வேலையை ஒப்படைக்கிறது. நாப்பி ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பேக்கெட்டுகள் வரை எடுத்து மேலே அனுப்பும். அனுப்பும் வரிசை நகராமல் கிடக்கிறதா என்று ஒரு வாட்ச்டாக் டைமர் கண்காணிக்கிறது. டிரைவர் வேறு கெடு சொல்லியிராவிட்டால் 5 நொடிக்குப் பிறகு அது டிரைவரிடம் முறையிடும், டிரைவர் கார்டை ரீசெட் செய்யும் பணியை வொர்க் க்யூவில் போடும். லிங்க் நிலையைப் பார்க்க டிரைவருக்கே சொந்த டைமர் இருக்கும். ஈத்டூல் போன்ற கருவிகள் வழியாக வெளியிலிருந்து கேள்விகள் வரும். இவை போதாதென்று, சிபியுவைக் கேட்காமலேயே கார்டு நேராக மெமரியில் எழுதிக்கொண்டிருக்கிறது, அதுதான் டிஎம்ஏ. 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பேக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு சுமார் 1.488 கோடி, ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஏறக்குறைய 15. நிறுத்தும் கோடின் இரண்டு வரிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்தாலும் அதற்குள் பேக்கெட்டுகள் வந்து இறங்கிவிடும்.

நிறுத்தும் வழியும் ஒன்றல்ல. இன்டர்ஃபேஸை டவுன் செய்தால் டிரைவரின் குளோஸ் ஃபங்ஷன் ஓடும். மாட்யூலைக் கழற்றினாலோ கார்டையே பிடுங்கினாலோ ரிமூவ் ஓடும். இயந்திரத்தை அணைத்தாலோ ரீபூட் செய்தாலோ ஷட்டவுன் ஓடும். சஸ்பெண்ட் வேறு இருக்கிறது. ரிமூவ் முடிந்தபின் டிரைவர் இருந்த சுவடே மிஞ்சக் கூடாது. ஷட்டவுனுக்கு அவ்வளவு தேவையில்லை. மெமரி எப்படியும் அழியப்போகிறது, கார்டு அடங்கினால் போதும். ஆனால் ரிமூவில் இருக்கும் ஒரு பாதுகாப்பு ஷட்டவுனில் கிடையாது. ரிமூவ், இன்டர்ஃபேஸைப் பதிவிலிருந்து நீக்குகிறது. அந்த நீக்கத்தின் ஒரு பகுதியாகக் குளோஸ் முறைப்படி நடந்து முடிந்துவிடும். ஷட்டவுன் வரும்போதோ இன்டர்ஃபேஸ் பெரும்பாலும் 'அப்' நிலையிலேயே இருக்கும். ரூட் ஃபைல் சிஸ்டமே நெட்வொர்க்கில் இருக்கும் இயந்திரங்களில் அதை முன்கூட்டியே டவுன் செய்யவும் முடியாது. கர்னல் தன் டிவைஸ் பட்டியலைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்து ஒவ்வொரு டிரைவரின் ஷட்டவுனையும் கூப்பிட்டுக்கொண்டே போகும். கர்னல் த்ரெட்களும் வொர்க் க்யூக்களும் அப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

இதை அருகிலிருந்து பார்க்க, இன்டெலின் 10 ஜிகாபிட் கார்டுகளுக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரில் 2016-இல் வந்த திருத்தத்தைப் படிக்கலாம். ஒரு கன்டெய்னர் ஓடுகிறது. அதன் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் அசல் கார்டு ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ரீபூட் தொடங்கியதும் கன்டெய்னரின் ப்ராசஸ்கள் கொல்லப்படுகின்றன. கடைசி ப்ராசஸ் போனதும் நேம்ஸ்பேஸுக்கும் ஆயுள் முடிகிறது. ஆனால் அதைத் துப்புரவு செய்யும் வேலை அங்கேயே நடப்பதில்லை. வொர்க் க்யூவில் போடப்பட்டு, பிறகு ஒரு கர்னல் த்ரெட்டில் நடக்கிறது. அசல் கார்டை நேம்ஸ்பேஸோடு சேர்த்து அழிக்க முடியாதல்லவா. அதை முதன்மை நேம்ஸ்பேஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்புமுன் மூட வேண்டும். ஆகவே குளோஸ் கூப்பிடப்படுகிறது. அதற்குள் பிஐடி 1, அதாவது இயந்திரத்தின் முதல் ப்ராசஸ், ரீபூட் அழைப்பைச் செய்துவிட்டது. இன்னொரு சிபியுவில் ஷட்டவுன் ஓடத் தொடங்கிவிட்டது. ப்ராசஸ்கள் எல்லாம் செத்த பிறகு குளோஸை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று டிரைவரை எழுதியவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. கன்டெய்னர்கள் பரவலாவதற்கு முன் அந்த நினைப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இதில் லாக் இல்லாமல் இல்லை. ஆர்டிஎன்எல் என்பது கர்னலின் நெட்வொர்க் அமைப்பு முழுவதற்கும் பொதுவான ஒற்றை மியூடெக்ஸ். குளோஸ் எப்போதும் அதன் காவலில்தான் ஓடும். ஷட்டவுனும் அதைப் பிடித்தது, ஆனால் நடுவில் மட்டும். முதலில் லாக் இல்லாமல் கார்டை 'டிடாச்' என்று குறித்தது. பிறகு லாக்கைப் பிடித்து, இன்டர்ஃபேஸ் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் இன்டரப்ட்களையும் பேக்கெட் வளையங்களையும் விடுவித்தது. லாக்கை விட்டது. அதன் பிறகு, காவல் எதுவும் இல்லாமல், எம்எஸ்ஐ-எக்ஸ் இன்டரப்ட் அமைப்பைக் கலைத்தது. லாக் விடுபடும் அந்த இடத்தில் காத்திருந்த குளோஸ் உள்ளே வருகிறது. 'இன்டர்ஃபேஸ் ஓடுகிறது' என்ற கொடி இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது. ஏனென்றால் ஷட்டவுன் டிரைவருக்குள் செய்ய வேண்டியதைச் செய்ததே தவிர, அந்தக் கொடியை இறக்கும் பொதுப் பாதை வழியாக வரவில்லை. குளோஸ் மறுபடி எல்லாவற்றையும் விடுவிக்கிறது. ஏற்கெனவே விடுவித்த இன்டரப்டை விடுவிக்கப் பார்க்கிறாய் என்று கர்னல் எச்சரிக்கும். அல்லது, இன்டரப்ட் அமைப்பைக் கலைக்கும் இடத்தில் இன்னும் பயன்பாட்டில் உள்ள இன்டரப்ட் கண்ணில் பட்டு, மேற்கொண்டு போக மறுத்துக் கிராஷ் ஆகும்.

திருத்தத்தில் இரண்டு மாற்றங்கள். டிடாச் குறிப்பது முதல் இன்டரப்ட் அமைப்பைக் கலைப்பது வரை அனைத்தையும் ஆர்டிஎன்எல்லின் காவலுக்குள் கொண்டுவந்தார்கள். குளோஸ் ஃபங்ஷனில், கார்டு டிடாச் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஆகியிருந்தால் இன்டரப்ட்களையும் வளையங்களையும் மறுபடி விடுவிக்காமல் விடச் சொன்னார்கள். பலரும் முதல் மாற்றத்தைத்தான் திருத்தம் என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். லாக்கை எவ்வளவு நீட்டினாலும் ஷட்டவுன் முடிந்த பின் குளோஸ் வரத்தான் போகிறது, வந்து இரண்டாம் முறை விடுவிக்கத்தான் போகிறது. யார் முன்னே, யார் பின்னே என்பதை லாக் பார்த்துக்கொள்ளும். முன்னே போனவர் வேலையை முடித்துவிட்டாரா என்ற தகவல் லாக்கில் கிடையாது. அந்தத் தகவலைத் தனியே ஒரு கொடியில் வைத்திருக்க வேண்டும். கொடியை மாற்றுவதும் படிப்பதும் அதே லாக்குக்குள் நடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திருத்தம். டிடாச் கொடிக்கு இன்னொரு பயனும் உண்டு. டிடாச் ஆன கார்டை வாட்ச்டாக் டைமர் தொந்தரவு செய்யாது. ஆகவே பாதி நிறுத்திய கார்டை ரீசெட் பணி வந்து எழுப்பும் ஒரு வழியும் அடைபடுகிறது.

அதே 2016-இல் இன்டெலின் ஐஜிபி டிரைவரிலும் இதே திருத்தம், ஏறக்குறைய இதே விளக்கத்தோடு வந்தது. இ1000இ டிரைவருக்கு 2019-இல்தான் வந்தது, ஐஜிபி-யின் திருத்தத்தைச் சுட்டிக்காட்டியபடி. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கார்டுகள், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்ட டிரைவர்கள். கோடு நகலெடுக்கப்படும் வேகத்தில் திருத்தம் நகர்வதில்லை. ஒரு டிரைவரில் நிறுத்தும் பாதையைத் திருத்துபவர், அதன் குடும்பத்தில் உள்ள மற்ற டிரைவர்களின் அதே ஃபங்ஷனை அன்றே திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கினால்கூடத் தவறில்லை என்பேன்.

இனி லாக் நோயாகும் இடங்கள். ஐஜிபி-யில் ஷட்டவுனுக்கும் சஸ்பெண்டுக்கும் பொதுவான ஃபங்ஷன் ஆர்டிஎன்எல்லைப் பிடித்தது. எதிர்ப்பக்கத்தில் கார்டை எழுப்பும் ரெஸ்யூம் ஃபங்ஷனும் அதைப் பிடித்தது. 2021-இல் நெட்வொர்க் மையக் கோடு மாறியது: தூங்கும் கார்டைப் பற்றி ஈத்டூல் கேட்டால், கார்டை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகு கேள்வியை அனுப்புவது என்று ஆயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈத்டூல் பாதை ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டே எழுப்புகிறது. எழுப்பப்படும் ரெஸ்யூம் அதே ஆர்டிஎன்எல்லுக்காகக் காத்து நிற்கிறது. டெட்லாக். தானாகத் தூங்கி எழும் பாதையில் மட்டும் லாக்கைப் பிடிக்க வேண்டாம் என்று அந்த ஆண்டின் கடைசியில் திருத்தினார்கள். லாக்கைப் பிடித்தவர் செய்தது சரி, அழைப்பவர் செய்ததும் சரி. இரண்டு சரிகளும் சந்தித்த இடத்தில் இயந்திரம் நின்றது.

பிராட்காம் கார்டுகளுக்கான டிஜி3 டிரைவரில் 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட டெட்லாக் இதைவிடப் பெரிய பாடம். அது ஷட்டவுன் பாதை அல்ல, பிசிஐ பிழை வந்தபோது கார்டை நிறுத்தும் பாதை. ஆனாலும் இலக்கணம் ஒன்றே. பிழையைக் கையாளும் ஃபங்ஷன் ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டு, ரீசெட் பணியை ரத்துசெய்து அது முடியும்வரை காத்திருந்தது. ரீசெட் பணியோ தன் வேலையைத் தொடங்க ஆர்டிஎன்எல்லுக்குக் காத்திருந்தது. திருத்தத்தில் ரத்துசெய்யும் வரியை லாக்குக்கு மேலே தூக்கி வைத்தார்கள். 'பணி முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் எந்த அழைப்பும், அந்தப் பணி பிடிக்கக்கூடிய லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்யப்படக் கூடாது. சொல்ல எளிது. பணி எந்தெந்த லாக்கைப் பிடிக்கும் என்பது அழைக்கும் ஃபங்ஷனைப் படித்தால் தெரியாது என்பதுதான் தொல்லை.

நாப்பியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. நாப்பியை நிறுத்தும் அழைப்பு, 'வேலை திட்டமிடப்பட்டிருக்கிறது' என்ற பிட் விடுபடும்வரை காத்திருந்து, விடுபட்டதும் அதைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறது. பிட் கையில் இருக்கும்வரை யாரும் புதிதாகப் போலிங்கைத் தொடங்க முடியாது, அழகான உத்தி. இதே அழைப்பை இரண்டாம் முறை செய்தால் என்ன ஆகும்? முதல் அழைப்பு எடுத்துக்கொண்ட பிட் விடுபட இரண்டாம் அழைப்பு காத்திருக்கும். அதை விடுவிக்க யாரும் இல்லை. எச்சரிக்கையும் கிராஷும் இல்லாமல் அந்த த்ரெட் அங்கேயே கிடக்கும். ரீபூட்டில் மௌனமாகத் தொங்கும் இயந்திரங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: நாப்பியை நிறுத்தும் பாதைகள் எத்தனை, அவற்றில் இரண்டு அடுத்தடுத்து ஓட வழி இருக்கிறதா?

இரண்டு முறை என்ற இந்தத் தொல்லை, ஒரு கார்டின் டிரைவர் இன்னொன்றுக்குப் பெற்றோராக இருக்கும்போது முற்றுகிறது. இன்டெலின் இ810 வகைக் கார்டு தன்னைப் பல மெய்நிகர் கார்டுகளாகப் பிரித்துத் தரக்கூடியது. அசல் கார்டுக்கு ஐஸ் என்ற டிரைவர், மெய்நிகர் கார்டுகளுக்கு ஐஏவிஎஃப். மெய்நிகர் கார்டு முழுதாகத் தயாராகும் முன்பே ரிமூவ் வந்துவிடும் ரேஸைத் தடுக்க, நிலை சரியாகும்வரை ரிமூவ் காத்திருக்க வேண்டும் என்று ஒரு லூப் எழுதப்பட்டது. அந்த லூப் ஷட்டவுனை மறந்துவிட்டது. ஷட்டவுன் முதலில் ஓடி நிலையை 'நீக்கப்படுகிறது' என்று மாற்றிவிட்டால், ரிமூவ் எதிர்பார்க்கும் நிலை வரவே வராது. 2022-இன் பிற்பகுதியில், ஏற்கெனவே நீக்கம் தொடங்கியிருந்தால் ரிமூவ் திரும்பிவிடட்டும் என்று ஒரு பிட்டைப் பார்க்கும் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகும் இ810 கார்டுள்ள இயந்திரங்கள் ரீபூட்டில் தொங்கின. 2023-இல் வந்த திருத்தத்தின் விளக்கம் அழைப்புச் சங்கிலியை அப்படியே காட்டுகிறது: பிஐடி 1 ரீபூட்டைக் கூப்பிடுகிறது, கர்னல் ஐஏவிஎஃப்-இன் ஷட்டவுனை முடித்துவிட்டு ஐஸ் டிரைவரின் ஷட்டவுனுக்கு வருகிறது, ஐஸ் தன் ஷட்டவுனில் ரிமூவையே கூப்பிடுகிறது, அது மெய்நிகர் கார்டுகளைக் கலைக்கிறது, கலைப்பு மறுபடி ஐஏவிஎஃப்-இன் ரிமூவைக் கூப்பிடுகிறது, அந்த ரிமூவ் வராத நிலைக்காகத் தூங்கித் தூங்கிக் காத்திருக்கிறது.

இந்தச் சங்கிலியில் ஓடியது ஒரே த்ரெட் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சிபியு தேவைப்படவில்லை, மைக்ரோசெகண்ட் இடைவெளி தேவைப்படவில்லை. ரேஸ் என்ற பெயரில் பதிவான பிழை கடைசியில் ஒவ்வொரு ரீபூட்டிலும் நடக்கக்கூடிய வரிசைப் பிழையாக நின்றது. தெரிந்த ஒரு மோதலைத் தடுக்கக் காத்திருப்பைச் சேர்த்தார்கள், அந்தக் காத்திருப்பே அடுத்த தொங்கலைப் பெற்றது.

ஷட்டவுனிலேயே ரிமூவைக் கூப்பிடும் பழக்கம் வேறு இடங்களிலும் இதே வகைச் சிக்கலைக் கொடுத்தது. ராஸ்பெரி பை 4-இன் நெட்வொர்க் கார்டுக்கான பிசிஎம்ஜெனெட் டிரைவர், அணைக்கும்போது ரிமூவை ஓட்டி இன்டர்ஃபேஸைப் பதிவிலிருந்தே நீக்குகிறது. அதன்மேல் ஈதர்நெட் சுவிட்ச் சிப் ஒன்றைப் பொருத்தி, கர்னலின் டிஎஸ்ஏ அமைப்பு வழியாக ஓட்டினால், டிஎஸ்ஏ அந்த இன்டர்ஃபேஸைப் பிடித்துவைத்திருக்கும். பிடி விடும்வரை நீக்கம் நகராது. இன்டர்ஃபேஸ் விடுபடக் காத்திருக்கிறேன், இன்னும் இத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற பொருளில் கர்னல் 10 நொடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும்; பிடித்திருப்பவர் ஷட்டவுன் என்ற செய்தியையே கேட்டிருக்க மாட்டார். 2021-இல் டிஎஸ்ஏ டிரைவர்களுக்கெல்லாம் ஷட்டவுன் ஃபங்ஷன் எழுதிச் சேர்த்தார்கள். சுவிட்ச் சிப் எஸ்பிஐ பஸ்ஸில் தொங்கினால், பஸ்ஸின் டிரைவரும் ஷட்டவுனில் ரிமூவை ஓட்டக்கூடும். அப்போது சிப்பின் டிரைவருக்கு முதலில் ஷட்டவுன், பிறகு ரிமூவ் என்று இரண்டும் வரும். ஆகவே ஷட்டவுன் முடியும்போது தன் சொந்த டேட்டா பாயின்டரை வெறுமையாக்கிவைத்து, பின்னால் வரும் ரிமூவ் அதைப் பார்த்துத் திரும்பும்படி செய்தார்கள். ஐஎக்ஸ்ஜிபிஇ-யில் கொடி செய்த வேலையை இங்கே வெறுமையான பாயின்டர் செய்கிறது.

அப்படியென்றால் ஷட்டவுனில் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. மேக் கணினிகளின் இஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குள் முழு நெட்வொர்க் அமைப்பும் இருக்கிறது, இயங்குதளத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்காக. 2011 முதல் வந்த பல மாடல்களில் அந்த ஃபர்ம்வேர், இயங்குதளத்திடம் கட்டுப்பாட்டைக் கொடுத்த பிறகும் பிராட்காம் வைஃபை கார்டை நிறுத்தாமல் விட்டுவிட்டது. லினக்ஸ் துவங்கிய பின்னும் காற்றில் வந்த பேக்கெட்டுகளைக் கார்டு பழைய முகவரிகளில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த முகவரிகளில் இப்போது இருப்பது புதிய கர்னலின் மெமரி. துவங்கும் முதல் கட்டத்திலேயே அந்தக் கார்டை ரீசெட் செய்யும் விதிவிலக்கு 2016-இல் கர்னலில் சேர்க்கப்பட்டது. அடுத்த வீட்டு வைஃபையின் பேக்கெட் நம் மெமரியைக் கெடுக்க முடியும் என்பது, நிறுத்தாத கார்டு எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் போதுமான சான்று.

கெக்செக் இந்த ஆபத்தை அன்றாடமாக்கியது. ஃபர்ம்வேர் வழியாகப் போகாமல் ஒரு கர்னலிலிருந்து இன்னொரு கர்னலுக்கு நேராகத் தாவும் வழி அது. சாதாரண ரீபூட்டில் ஃபர்ம்வேர் எல்லாக் கார்டுகளையும் ரீசெட் செய்து டிஎம்ஏ-வை நிறுத்திவிடும். கெக்செக்கில் அந்த உதவி இல்லை. அதனால் கெக்செக் என்றால் மட்டும் பிசிஐ கோடு டிஎம்ஏ-வை அனுமதிக்கும் பஸ் மாஸ்டர் பிட்டை ஒவ்வொரு கார்டிலும் தானே அணைக்கிறது. அதுவும் போதவில்லை. அமேசான் கிளவுடில் பயன்படும் இஎன்ஏ டிரைவருக்கு 2020-இல் ஷட்டவுன் ஃபங்ஷன் சேர்த்தபோது சொல்லப்பட்ட காரணம் இது: பிட்டை அணைத்தால் கார்டு வாய் மூடும், ஆனால் பாதியில் நின்ற டிஎம்ஏ அதற்குள் தேங்கியிருக்கலாம், புதிய கர்னல் பிட்டை மறுபடி போட்டதும் தேங்கியது கொட்டி, இப்போது வேறு பொருளுக்குச் சொந்தமான மெமரியில் விழும். கார்டின் வாயைக் கட்டுவது வேறு, கார்டிடம் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்வது வேறு.

விண்டோஸின் என்டிஐஎஸ் இந்த வேறுபாட்டை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே டிரைவருக்கு ஹால்ட் ஒன்று, ஷட்டவுன் ஒன்று. ஹால்ட் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். ஷட்டவுன் இன்டரப்டையும் டிஎம்ஏ-வையும் நிறுத்தி ஹார்டுவேரைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். வளங்களை விடுவிக்கத் தேவையில்லை. நீலத்திரை விழும் நேரத்திலும் அது கூப்பிடப்படலாம் என்பதால் எதற்காகவும் காத்திருக்க வழியில்லை. லினக்ஸில் இந்த எல்லை ஒவ்வொரு டிரைவரின் விருப்பத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. ஷட்டவுனில் ரிமூவைக் கூப்பிடுவது ஒரே வரி என்பதால் ஆசை காட்டும். ஆனால் நாம் மேலே பார்த்த விபத்துகளில் பல, அணைக்கும்போது விடுவிக்கவே தேவையில்லாத ஒன்றை விடுவிக்கப் போய் வந்தவை. ஷட்டவுன் அமைதிப்படுத்தட்டும், விடுவிப்பதை ரிமூவிடம் விட்டுவிடலாம் என்பதே என் பரிந்துரை. மெய்நிகர் கார்டுகளைப் பெற்றெடுத்த டிரைவர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகளைக் கலைக்காமல் பெற்றோரை அடக்குவது எப்படி என்பதை அந்தந்த ஹார்டுவேர்தான் சொல்ல வேண்டும்.

மிஞ்சியிருப்பவர் எழுப்பிவிடும் பிழைக்குக் கர்னல் அண்மையில் நல்ல மருந்துகள் கண்டிருக்கிறது. டைமர் ஒரு பணியை வரிசையில் போடும், அந்தப் பணி டைமரை மறுபடி முடுக்கும். எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது அதை உயிர்ப்பித்துவிடும். பல ஆண்டுகளாக டிரைவர்கள் தனித்தனிக் கொடிகளை வைத்து இதைச் சமாளித்து வந்தன. ஒரு ப்ளூடூத் டிரைவரில் இந்தச் சுழல் கொடுத்த தொல்லையை முன்வைத்து, 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கர்னலில் டைமரை நிரந்தரமாக மூடும் அழைப்பு வந்தது. அதன்பின் யார் முடுக்கினாலும் டைமர் காதில் வாங்காது. வொர்க் க்யூ பணிகளையும் இப்படி முடக்கும் வசதி 2024-இல் சேர்ந்தது. முடிந்துவிட்டது என்ற தகவலை டிரைவரின் நினைவாற்றலுக்கு விடாமல் பொருளிடமே வைத்ததுதான் இவற்றின் சிறப்பு.

வளங்களைத் தானாக விடுவிக்கும் டெவ்ரெஸ் வசதியை இதே மூச்சில் பாராட்ட முடியவில்லை. அதன் வழியாகப் பெற்ற இன்டரப்ட், ரிமூவ் ஃபங்ஷன் முழுவதும் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். ரிமூவ் கையால் விடுவித்த பேக்கெட் வளையத்தை, இன்னும் உயிரோடிருக்கும் இன்டரப்ட் ஹேண்ட்லர் வந்து படிக்க இடைவெளி கிடைக்கிறது. நெட்வொர்க் டிரைவரில் இன்டரப்டைக் கையால் பெற்றுக் கையால் விடுவதே நல்லது.

இந்தப் பிழைகள் இவ்வளவு காலம் தப்பிப் பிழைப்பதற்குக் காரணம், அவை நிகழும் நேரத்தில் சாட்சிகள் எல்லாரும் போய்விட்டிருப்பதுதான். நிகழ்வுப் பதிவு எழுதும் சேவை நின்றுவிட்டது, டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகிவிட்டது, கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் நெட்கன்சோலுக்கு வேண்டிய கார்டே பிழைக்குள்ளான கார்டு. சீரியல் கன்சோலை இணைத்தவரோ, ரீபூட்டைத் தாண்டி நிற்கும் மெமரியில் பிஸ்டோர் வழியாகக் கடைசிச் செய்திகளைச் சேமித்தவரோ மட்டும்தான் அழைப்புச் சங்கிலியைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் பவர் பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் கருவிகளுக்குக் குறைவில்லை. 2006 முதல் லாக்டெப் லாக்குகளின் வரிசையைக் கண்காணிக்கிறது; டெட்லாக் நிகழாமலேயே அது நிகழக்கூடும் என்று சொல்லிவிடும். லாக்கைப் பிடித்துக்கொண்டு பணிக்குக் காத்திருப்பதையும் அது பிடிக்கும், அந்தப் பாதை ஒருமுறையாவது ஓடினால். 2015-இல் வந்த கேசன், விடுவித்த மெமரியைத் தொடுபவரைக் காட்டிக்கொடுக்கும். 2020-இல் வந்த கேசிசன், காவலின்றி ஒரே மெமரியை இருவர் தொடுவதைப் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இவற்றைவிடப் பழைய, எளிய ஒன்று: பகிரப்படும் இன்டரப்ட்களைச் சோதிக்கும் டீபக் வசதி. அதை இயக்கியிருந்தால், டிரைவர் இன்டரப்டை விடுவித்ததும் கர்னல் வேண்டுமென்றே அதன் ஹேண்ட்லரை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கும். கடைசி இன்டரப்டுக்கு டிரைவர் தயாராக இல்லாவிட்டால் டெவலப்பரின் மேசையிலேயே விழும்.

ஆனால் ஐஏவிஎஃப் வகைப் பிழை இந்தக் கருவிகள் எதிலும் அகப்படாது. அங்கே காவலில்லாத மெமரி இல்லை, லாக் வரிசை மீறப்படவில்லை. வராத நிலைக்கு ஒருவர் காத்திருந்தார், அவ்வளவுதான். ரஸ்ட் மொழியும் இதற்கு மருந்தாகாது. 2022 டிசம்பரில் 6.1 கர்னலோடு உள்ளே வந்த ரஸ்ட், டிவைஸ் போன பிறகு அதன் வளத்தைத் தொட முடியாதபடி பிடியைத் திரும்பப் பெறும் வகைகளைத் தருகிறது. இரட்டை விடுவிப்பு அதில் கம்பைல் கட்டத்திலேயே பெரும்பாலும் அடிபட்டுப்போகும். டெட்லாக்கும் முடிவில்லாக் காத்திருப்பும் ரஸ்டின் பார்வையில் பாதுகாப்பான கோடுதான்.

ஆர்டிஎன்எல்லின் சுமையைக் குறைக்க ஒவ்வொரு நெட்வொர்க் டிவைஸுக்கும் சொந்த லாக் கொடுக்கும் வேலை 2025-இல் வேகமெடுத்து, சில டிரைவர்களின் குளோஸ் உட்பட்ட அழைப்புகள் இப்போது அந்த லாக்கின் காவலிலும் ஓடுகின்றன. பெரிய சர்வர்களுக்கு இது அவசியமான மாற்றம்தான். அதே நேரம், ஆர்டிஎன்எல்லை மட்டும் பிடித்து எழுதப்பட்ட ஷட்டவுன், ரீசெட், பிழை மீட்புப் பாதைகள் ஒவ்வொன்றையும் டிரைவர் மாறும்போது கூடவே படித்தாக வேண்டும். மாற்றத்தைச் சோதிக்கவும் பெரிய ஆய்வகம் வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில் சீரியல் கன்சோலோடு, லாக்டெப்பும் கேசனும் சேர்த்துக் கட்டிய கர்னலில், முழு வேகத்தில் பேக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீபூட், டிரைவரை அன்பைண்ட் செய்வது, கெக்செக் ஆகியவற்றை இரவெல்லாம் சுற்றில் ஓட்டலாம். கார்டை ஒரு நேம்ஸ்பேஸுக்குள் வைத்து, அந்த நேம்ஸ்பேஸ் சாகும் கணத்தில் ரீபூட் செய்யும் சோதனை அந்தச் சுற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். 2016-இல் இரண்டு டிரைவர்கள் விழுந்த இடம் அது, மூன்றாவது அதே இடத்தில் மூன்று ஆண்டுகள் கூடுதலாகத் திருத்தப்படாமல் கிடந்தது.